மனுவும் பாட்டும்: ஆஸ்திரேலியத் தொல்குடிப் பாடகர் இருவரின் எழுச்சி

ஒரு நாட்டின் பெருவிழா நாளை அந்நாட்டின் முதற்குடிகள் துக்கநாள் என்று கூறுவராயின், அக்கூற்றின் காரணத்தை அறிந்துகொள்வது கற்றவர் கடமையாகும். ஆஸ்திரேலியா ஜனவரி 26ஆம் நாளைத் தேசிய விழாநாளாகக் கொண்டாடுகின்றது. அந்நாளின் பெயரையே தலைப்பாகக் கொண்டு, அதனைக் கொண்டாட மறுக்கும் பாட்டொன்றை 2016ஆம் ஆண்டில் இரண்டு தொல்குடி இளைஞர்கள் வெளியிட்டனர். அவர்தம் குழுவின் பெயர் ‘ஏ.பி. ஒரிஜினல்’. அவர்கள் பாடுவது ஹிப் ஹாப் எனப்படும் இசைவகை. இக்குழு எழுந்த வரலாற்றையும், அதன் பாட்டு விளைவித்ததும் விளைவிக்காததும் ஆகியவற்றையும் இக்கட்டுரையின்கண் காண்போம்.

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் ஆஸ்திரேலியப் பாடகர்க்கு இடமெதற்கு என்று மூத்தோர் சிலர் வினவக்கூடும். விடை இரண்டு உண்டு. இவர்களுடைய பாட்டுத் தொகுப்பின் பெயர், முஸ்லிம்களுக்கு எதிராக எழுந்த ஓர் இயக்கத்திற்கு மறுமொழியாக இடப்பட்டது. மற்றொன்று, இப்பாட்டிற்குப் பின்னே நிற்கும் உரிமைப் போராட்டத்தின் தொடக்கத்தில், தமிழர் என்று வரலாற்று நூல்கள் குறிக்கும் ஓர் ஆசிரியர் நிற்கின்றார். இரண்டையும் அவ்வவற்றிற்குரிய இடத்தில் கூறுவோம்.

முதற்கண் ஹிப் ஹாப் என்பது யாது என்று சுருங்கக் காண்போம். 1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் நியூயார்க் மாநகரின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூவில் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் நடந்த விருந்தை அதன் பிறப்பிடமாகக் கூறுவர். இசைத்தட்டில் பாட்டு ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதியை, ஒரே தட்டின் இரு படிகளைக் கொண்டு மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்தார் கூல் ஹெர்க் என்ற ஜமைக்கா நாட்டு இளைஞர். அத்தாளத்தின்மேல் பேச்சையே பாட்டாக நிறுத்துவது ‘ராப்’ எனப்பட்டது. நம் யாப்பில் பழகியவர்க்கு இது விளங்குவதற்கு அரிதன்று. பண் பின்னுக்குச் செல்ல, சந்தமும் இயைபும் முன்னுக்கு வரும். சொல்லின் அழுத்தம் தாளத்தின் மேல் விழுவதும், வேண்டுமென்றே தாளத்தைத் தப்பி விழுவதுமே அதன் அழகு. வாத்தியமும் பயிற்சிப் பள்ளியும் வேண்டாத கலையாதலின் வறியவர் கையில் அது விரைந்து பரவிற்று.

ஆஸ்திரேலியாவில் இக்கலை நெடுங்காலம் ஓரத்திலேயே இருந்தது. அடிலெய்டு நகரத்து ‘ஹில்டாப் ஹூட்ஸ்’ குழுவினர் 2003இல் வெளியிட்ட தொகுப்பு பெருவெற்றி பெற்ற பின்னரே வணிக உலகம் திரும்பிப் பார்த்தது. அரசியலை வெளிப்படையாகப் பேசிய குழுக்களும் அக்காலத்தில் இல்லாமலில்லை. 2001இல் கடலில் தத்தளித்த 430க்கும் மேற்பட்ட அகதிகளை, அவருள் பெரும்பாலோர் ஆப்கானியர், டாம்பா என்ற நார்வே நாட்டுக் கப்பல் காப்பாற்றியது. அவர்களைக் கரையிறக்க ஆஸ்திரேலிய அரசு மறுத்தது. பொதுமக்களுட் பெரும்பான்மையோர் அம்மறுப்பை ஆதரிப்பதாகக் கருத்துக் கணிப்புக் கூறிற்று. அந்த விழுக்காட்டையே தலைப்பாக்கிச் சிட்னி நகரத்துத் ‘தி ஹெர்ட்’ குழு பாட்டொன்று பாடிக் கண்டித்தது. ஏ.பி. ஒரிஜினல் நடந்த பாதையை முன்னரே சிலர் வெட்டியிருந்தனர் என்பதற்காக இதனைக் குறித்தோம். எனினும் அகதிக்காகப் பரிந்து பாடுவது வேறு. தன் நிலத்திலேயே அகதியாக்கப்பட்டவன் தானே பாடுவது வேறு.

குழுவினர் இருவர். ஒருவர் ஆடம் பிரிக்ஸ். விக்டோரியா மாநிலத்துச் ஷெப்பர்ட்டன் என்னும் ஊரினர். யோர்ட்டா யோர்ட்டா குடியைச் சேர்ந்தவர். மற்றவர் டிரையல்ஸ் என்னும் புனைபெயருடைய டேனியல் ராங்கின்; நாரின்ஜெரி குடியினர்; தென் ஆஸ்திரேலியர். இவ்விரு குடிகளையும் இணைப்பது மர்ரே என்னும் பேராறு. சற்றொப்ப 2,500 கிலோமீட்டர் ஓடும் அவ்வாற்றின் இடைப்பகுதி யோர்ட்டா யோர்ட்டாவினரின் மண். அது கடலில் கலக்கும் முகத்துவாரம் நாரின்ஜெரியினரின் மண். நூல் வெளியிட்ட முதல் தொல்குடி எழுத்தாளர் என்று போற்றப்படும் டேவிட் உனைப்பன் நாரின்ஜெரி குடியில் தோன்றியவரே. 1995 முதல் ஆஸ்திரேலிய ஐம்பது டாலர் தாளில் அவருடைய உருவம் இடம்பெற்றுள்ளது. அவர் திரட்டிக் கொடுத்த தொன்மக் கதைகளோ 1930இல் வேறொருவர் பெயரில், அவர் பெயரே இன்றி, நூலாக வெளிவந்தன. எழுதியவன் பெயரை அழித்துவிட்டுப் பின்னர் அவன் முகத்தைப் பணத்தாளில் அச்சிடுவது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

இனி அந்த நாளுக்கு வருவோம். 1788ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள், ஆர்தர் பிலிப் என்னும் கடற்படைத் தலைவர், பிரிட்டனிலிருந்து தண்டனைக் கைதிகளை ஏற்றிவந்த பதினொரு கப்பல்களுக்குத் தலைமை தாங்கி, சிட்னி விரிகுடாவில் இறங்கிக் கொடியேற்றினார். அந்நிலத்தில் ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மாந்தர் வாழ்ந்திருந்தனர். ஆயினும் உரிமையாளர் எவருமில்லா வெற்றுநிலம் என்னும் கோட்பாட்டின்மேல் குடியேற்றம் நிகழ்ந்தது. அக்கோட்பாட்டை நாட்டின் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது 1992ஆம் ஆண்டு மாபோ வழக்கிலேதான். இடையில் 204 ஆண்டுகள் கழிந்திருந்தன. அவ்வாண்டுகளில் நிகழ்ந்த கொலைகளும் நோய்களும் நிலப்பறிப்பும் பல நூல்களுக்கு உரியவை. தாய்மடியிலிருந்து குழந்தைகளை அரசே பிரித்தெடுத்துச் சென்ற கொடுமையை மட்டும் பின்னர்க் குறிப்போம்.

இங்கே யோர்ட்டா யோர்ட்டா குடியின் வரலாற்றில் நாம் சற்றுத் தங்கிச் செல்லல் வேண்டும். பிரிக்ஸின் பாட்டு எங்கிருந்து வருகின்றது என்பது அதனை அறிந்தாலன்றி விளங்காது. அஃது உண்மையில் மனுக்களின் வரலாறு.

1881இல் மர்ரே ஆற்றங்கரையில் மலோகா என்னுமிடத்துச் சமயப்பணி நிலையத்தில் வாழ்ந்த 42 தொல்குடியினர், பயிரிட்டுப் பிழைக்க ஒரு துண்டு நிலம் வேண்டித் தம் மாநில ஆளுநருக்கு மனுச் செய்தனர். அதே ஆண்டில் அந்நிலையத்துப் பள்ளிக்கு ஓர் ஆசிரியர் வந்து சேர்ந்தார். அவர் பெயர் தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ். 1859இல் மொரீஷியசுத் தீவில் இந்தியக் குடும்பத்திற் பிறந்தவர். இளமையில் அவருடைய குடும்பப்பெயர் ‘பீர்சாகிப்’ என்பதாகும். கீழக்கரையிலோ காயலிலோ நாகூரிலோ ஒரு தெருவில் நின்று அப்பெயரை அழைத்தால் இன்றும் நால்வர் திரும்பிப் பார்ப்பர் அன்றோ! கிறித்தவராக வாழ்ந்த அவர் தொல்குடிப் பெண் ஒருவரை மணந்து, அம்மக்களோடு மக்களாகி, முதலில் மலோகாவிலும் பின்னர் அருகிலுள்ள கம்மராகஞ்சாவிலும் நாற்பது ஆண்டுகள் கற்பித்து 1922இல் ஓய்வு பெற்றார். எழுதவும் பேசவும் வாதிடவும் அவரிடம் கற்ற தலைமுறையே பிற்காலத்தில் தொல்குடி உரிமை இயக்கத்தை நடத்திற்று. அவர் பள்ளியிற் பயின்ற டக்ளஸ் நிக்கல்ஸ் 1976இல் தென் ஆஸ்திரேலியாவின் ஆளுநரானார். அவர் மனைவியின் உடன்பிறந்தாரும், அவர் வகுப்பில் அமர்ந்து கற்றவருமான மற்றொருவர் வில்லியம் கூப்பர்.

கூப்பர் முதிர்ந்த வயதில் மெல்பர்னுக்குக் குடிபெயர்ந்து, 1930களில் ஆஸ்திரேலியத் தொல்குடியினர் கழகத்தை நிறுவினார். நாடெங்கும் சுற்றறிக்கை அனுப்பி, தடைகளையும் கடந்து 1,814 கையொப்பங்களைத் திரட்டி, பிரிட்டிஷ் மன்னருக்கு ஒரு மனு வரைந்தார். அதன் வேண்டுகோள்களுள் ஒன்று, நாடாளுமன்றத்தில் தம் மக்களுக்காகப் பேச ஓர் உறுப்பினர் வேண்டும் என்பது. ஒரே ஓர் உறுப்பினர்! 1938ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அம்மனுவை மன்னருக்கு அனுப்புவதில்லை என்று ஆஸ்திரேலிய அமைச்சரவை முடிவு செய்தது. அவ்வாண்டு ஜனவரி 26இல் குடியேற்றத்தின் 150ஆம் ஆண்டு நிறைவு சிட்னியில் பேராரவாரத்துடன் கொண்டாடப்பட்டது. பிலிப் கரையிறங்கிய காட்சியை நடித்துக் காட்டுவதற்காக உள்நாட்டிலிருந்து தொல்குடியினர் சிலரை அழைத்து வந்து ஓடவும் ஒளியவும் செய்தனர். அதே நாளில் அதே நகரில் ஒரு மண்டபத்தில், கூப்பரும் ஜாக் பேட்டனும் வில்லியம் பெர்குசனும் முன்னின்று நடத்த, தொல்குடியினர் மட்டுமே கலந்துகொண்ட துக்கநாள் கூட்டம் நடைபெற்றது. ஜனவரி 26ஐத் துக்கநாள் என்றழைக்கும் வழக்கிற்கு அக்கூட்டமே அடிப்படை. 2016இன் பாட்டைப் புதுமை என்று கருதுவோர் 1938ஐ மறந்தவர் ஆவர்.

அடுத்த ஆண்டு, 1939 பிப்ரவரியில், கம்மராகஞ்சா நிலையத்தின் கெடுபிடி பொறுக்காது ஏறத்தாழ இருநூறு பேர் ஆற்றைக் கடந்து விக்டோரியாவிற்குள் வெளியேறினர். அவருட் பலர் காலப்போக்கில் ஷெப்பர்ட்டன், மூருப்னா ஆகிய ஊர்களின் இடையே உள்ள ஆற்றுப்படுகையில் குடிசையிட்டு வாழ்ந்தனர். பிரிக்ஸ் பிறந்து வளர்ந்தது இவ்வெளியேற்றத்தின் நினைவு படிந்த ஊரிலேதான்.

மனுக்கதை அத்துடன் முடியவில்லை. மாபோ தீர்ப்பிற்குப் பின்னர்த் தம் நில உரிமை கேட்டு யோர்ட்டா யோர்ட்டாவினர் வழக்குத் தொடுத்தனர். 1998இல் அவ்வழக்குத் தோற்றது. அவர்தம் மரபைக் காலவெள்ளம் அடித்துச் சென்றுவிட்டது என்பது நீதிபதியின் கருத்து. அதற்கு அவர் கொண்ட சான்றுகளுள் ஒன்று எது தெரியுமா? 1881இல் 42 பேர் கையொப்பமிட்ட அதே மனு! உழுது பிழைக்க நிலம் கேட்டமையால் அவர்கள் பழைய வாழ்வை விட்டவராயினர் என்று கொள்ளப்பட்டது. 2002இல் உச்சநீதிமன்றமும் அத்தீர்ப்பை மாற்ற மறுத்தது. மனுச் செய்யாதிருந்தால் நிலமில்லை. மனுச் செய்தால் அதுவே நிலமில்லை என்பதற்குச் சான்று. இத்தீர்ப்பு வந்தபோது பிரிக்ஸ் பதினாறு வயதளவினர். பணிந்து எழுதும் நடை தம் மக்களுக்கு ஈட்டித் தந்தது யாது என்பதை அறிந்த ஒரு தலைமுறை, பணியாத நடை ஒன்றைத் தேடியதில் வியப்பில்லை.

பிரிக்ஸ் ஹில்டாப் ஹூட்ஸ் குழுவினரோடு ஊர் ஊராகச் சென்று, முதன்மை நிகழ்ச்சிக்கு முன்னர்ப் பாடும் இளங்கலைஞராகத் தொடங்கியவர். அவர்தம் இசைத்தட்டு நிறுவனத்தின் வாயிலாக 2010இலும் 2014இலும் தனித்தொகுப்புகளை வெளியிட்டார். இரண்டாவதன் பெயரிலேயே அவருடைய ஊரின் பெயர் மறைந்து கிடக்கிறது. டிரையல்ஸ் அடிலெய்டு நகரத்து ‘பங்கோர்ஸ்’ குழுவில் பாடகராகவும் தாளக்கட்டு அமைப்பவராகவும் பயின்றவர்.

2015இல் பிரிக்ஸ் பாடிய பாட்டொன்று அவரை நாடறியச் செய்தது. 1990இல் ஆர்ச்சி ரோச் என்னும் தொல்குடிப் பாடகர், பிள்ளைகளைப் பிரித்துச் சென்ற கொடுமையைத் தம் சொந்த வாழ்விலிருந்தே பாடியிருந்தார். அவரே அவ்வாறு பிரித்துச் செல்லப்பட்ட குழந்தை. ஷெப்பர்ட்டனுக்கு ஆற்றின் மறுகரையிலுள்ள மூருப்னாவே அவர் பிறந்த ஊர். அப்பாட்டு வெளிவந்து கால் நூற்றாண்டு நிறைந்த வேளையில், பிள்ளைகள் திரும்பி வந்துவிட்டனர் என்னும் பொருளில் பிரிக்ஸ் மறுமொழிப் பாட்டு இயற்றினார். விழியிழந்த பெரும்பாடகர் குருமுல் அதில் உடன் பாடினார். தொல்குடிச் சான்றோர், விளையாட்டு வீரர், போராட்டத் தலைவர் பெயர்கள் அதில் வரிசையாக வரும். முன்னோர் பாடிய துன்பத்திற்குப் பின்னோர் பெருமிதத்தால் விடை கூறுவது அப்பாட்டின் அமைப்பு. 2020இல் அதுவே சிறுவர்க்கான படநூலாயிற்று. நம் மாணவர்கள் இக்குழுவினரை அறிய விரும்பின் இப்பாட்டிலிருந்து தொடங்குவதே நன்று என்பது நம் கருத்து.

பின்னர் இருவரும் கூடி ஏ.பி. ஒரிஜினல் ஆயினர். தொல்குடியினரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை இரண்டாக உடைத்தால் இப்பெயர் வரும். ‘என்றும் கறுப்பர், மூலக் குடியினர்’ என்பது அவ்வெழுத்துகளுக்கு அவர்கள் கொடுத்த விரிவு. இகழ்ச்சியாகப் பல்லாண்டு வழங்கிய சொல்லைப் பிளந்து அதனுள்ளிருந்து மூலம் என்னும் பொருளை எடுத்துக் காட்டினர். 2016 நவம்பர் 25இல் அவர்களுடைய தொகுப்பு வெளிவந்தது. அதன் பெயர் ‘ரீக்ளெய்ம் ஆஸ்திரேலியா’. ‘ஆஸ்திரேலியாவை மீட்போம்’ என்று பொருள்படும்.

இப்பெயரின் வரலாறு நமக்கு நெருக்கமானது. 2014 டிசம்பரில் சிட்னியில் ஒரு தேநீர்க் கடையில் நிகழ்ந்த பிணைக்கைதிக் கொடுமைக்குப் பின்னர், இதே பெயரில் ஓர் இயக்கம் தோன்றிற்று. 2015 ஏப்ரல் 4இல் பல நகரங்களில் அது பேரணி நடத்தியது. பள்ளிவாசல்களும் ஹலால் சான்றிதழும் முஸ்லிம் குடியேற்றமும் அதன் தாக்குதலுக்கு இலக்காயின. முஸ்லிம்களிடமிருந்து நாட்டை மீட்க வேண்டும் என்பது அவர்தம் முழக்கம். இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்னர்க் கப்பலில் வந்திறங்கியவரின் வழியினர் ‘மீட்போம்’ என்று கூவும்போது, அறுதொன்மைக் காலந்தொட்டு வாழ்வோர் சிரிக்காமல் என் செய்வர்? அதே சொல்லை எடுத்துத் தம் தொகுப்பின் முகப்பில் எழுதிவிட்டனர் இருவரும். வேறு விளக்கவுரை தேவையாக இருக்கவில்லை. இசைக்கடைகளில் அப்பெயரைத் தேடி வருவோர் கையில் தொல்குடியினரின் குரல் கிடைத்தது.

இடைப்பிறவரலாக ஒன்று. ஆஸ்திரேலிய மண்ணுக்கும் முஸ்லிம்களுக்கும் உள்ள தொடர்பு அண்மைக் காலத்ததன்று. இன்றைய இந்தோனேசியாவின் மக்காசர்ப் பகுதியிலிருந்து கடலட்டை திரட்ட வந்த முஸ்லிம் கடலோடிகள், வடகரைத் தொல்குடியினரோடு வாணிகமும் உறவும் கொண்டிருந்தனர். அவர்தம் மொழிச் சொற்கள் சில இன்றும் அம்மக்கள் வாயில் வழங்குகின்றன. அடிலெய்டு நகரின் பள்ளிவாசல் ஒட்டகமோட்டிகளாக வந்த ஆப்கானியரும் பிறரும் 1880களின் இறுதியில் கட்டியது. பிரிக்ஸின் ஊராகிய ஷெப்பர்ட்டனிலும் அல்பேனிய முஸ்லிம்கள் எழுப்பிய பழைய பள்ளிவாசல் உண்டு. மீட்க வந்தோர் இவற்றை அறிந்திலர் போலும்.

தொகுப்பின் புகழ்பெற்ற பாட்டு ‘ஜனவரி 26’. டான் சுல்தான் என்னும் தொல்குடிப் பாடகர் அதன் பல்லவியைப் பாடுகின்றார். தாளமோ துள்ளலானது, 1990களின் கலிபோர்னியக் கறுப்பின ராப்பை நினைவூட்டுவது. கேட்போர் தலையசைத்துக் கொண்டிருக்கும்போதே சொற்கள் சுடத் தொடங்கும். எந்த நாளை வேண்டுமாயினும் கொண்டாடுங்கள், இந்நாள் வேண்டா என்பதே அதன் சாரம். அங்கதத்தைத் தொல்காப்பியனார் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இருவகைப்படுத்துவார். நேர்முகமாக இடித்துரைக்கும் இப்பாட்டு முதல் வகை. எதிரியின் முழக்கத்தையே தலைப்பாக்கி, வைவது போல் வையாமல் வைத தொகுப்பின் பெயர் இரண்டாம் வகை எனலாம். காவற்கூடச் சாவுகளைப் பற்றியும் இத்தொகுப்பில் பாட்டுண்டு. தொல்குடியினர் 99 பேர் காவலில் இறந்ததை ஆராய்ந்த அரச ஆணையம் 1991இல் 339 பரிந்துரைகளை வழங்கியது. அதன்பின்னரும் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் அவ்வாறே மாண்டுள்ளனர். மக்கள்தொகையில் நூற்றுக்கு நால்வர்க்கும் குறைவான ஓர் இனம், சிறைவாசிகளுள் மூன்றில் ஒரு பங்காக இருக்கின்றது.

இப்பாட்டுகளில் வசைமொழி மிகுதி என்பதை மறைத்தற்கில்லை. கல்லூரி விழாவில் ஒலிபெருக்கியில் வைக்கத்தக்கவை அல்ல. நம் வீட்டு முற்றத்திலும் வைக்க மாட்டோம். இம்மலரைப் படிக்கும் பெரியோர்கள் முகம் சுளிப்பின் அதில் நியாயமுண்டு. ஆயினும் கவிஞரைப் பற்றித் திருக்குர்ஆனின் ‘அஷ்ஷுஅரா’ அத்தியாயம் முடியும் இடத்தை நினைவு கூர்வோம். வழிதவறிப் பள்ளத்தாக்குகளில் அலையும் கவிஞரைக் கண்டித்த பின்னர், இறைநம்பிக்கை கொண்டு நற்செயல் புரிந்து, அநீதி இழைக்கப்பட்டதன் பின்னர்த் தம்மைத் தற்காத்துக்கொண்டோர்க்கு அங்கே விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. எதிரிகளின் வசைப்பாட்டுக்கு மறுமொழி கூற ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பள்ளிவாசலிலேயே மேடை அமைத்துக் கொடுத்ததை ஹதீஸ் நூல்கள் கூறும். இவ்விளைஞர்களை அந்த உயர்ந்த வரிசையில் வைப்பதன்று நம் நோக்கம். அநீதிக்குள்ளானோன் சொல்லுக்குச் சற்றுக் கூடுதலாகச் செவிகொடுக்கும் வழக்கம் நம்மிடம் பழமையானது என்பதற்கே கூறினோம். சொல்லின் அருவருப்பைக் கண்டு பொருளைக் கேளாமல் போவோமாயின், ‘மரியாதையாக எழுதிய’ கூப்பரின் மனுவைக் கேளாமல் போனவரிலிருந்து நாம் எவ்வகையில் வேறுபட்டோம்?

பாட்டின் விளைவை இனிக் காண்போம். ‘டிரிபிள் ஜே’ என்பது ஆஸ்திரேலிய அரசு ஒலிபரப்புக் கழகத்தின் இளைஞர் வானொலி. ஆண்டின் சிறந்த நூறு பாட்டுகளை நேயர்களின் வாக்கால் தேர்ந்து வரிசையாக ஒலிபரப்புவது அதன் பெருநிகழ்ச்சி. 1998 முதல் அது பெரும்பாலும் ஜனவரி 26ஆம் நாளிலேயே நடந்து வந்தது. 2017 ஜனவரி 26இல் ஒலித்த வரிசையில், அந்நாளைக் கொண்டாட வேண்டா என்னும் இப்பாட்டுப் பதினாறாம் இடம் பெற்றது. விருந்துக்கு நடுவே விருந்து தவறு என்னும் குரல் வீட்டார் கேட்கவே ஒலித்தது! நிகழ்ச்சியின் நாளை மாற்றுமாறு வேண்டுகோள்கள் பெருகின. வானொலி தன் நேயர்களிடம் கருத்துக் கேட்டது. ஏறத்தாழ 65,000 பேர் விடையளித்தனர். அவருள் 60 விழுக்காட்டினர் மாற்றத்தை ஆதரித்தனர். 2017 நவம்பரில் மாற்றம் அறிவிக்கப்பட்டது. அமைச்சர் கண்டித்தார், வானொலி பின்வாங்கவில்லை.

பரிசுகளும் வந்தன. 2017 மார்ச்சில் ஆஸ்திரேலிய இசைப் பரிசும், அவ்வாண்டின் ஆரியா விருதுகள் இரண்டும் இத்தொகுப்புக்குக் கிடைத்தன. பால் கெல்லி என்னும் மூத்த வெள்ளையினப் பாடகர் தம் பழம்பாட்டொன்றை அவர்களோடு சேர்ந்து மீண்டும் பாடினார். அதனினும் குறிக்கத்தக்கது, மெல்பர்ன் நகரத்து யாரா, டேர்பின் ஆகிய இரு உள்ளாட்சி மன்றங்கள் அவ்வாண்டில் ஜனவரி 26 கொண்டாட்டத்தைக் கைவிட்டமை. அவை குடியுரிமை வழங்கும் விழா நடத்தும் அதிகாரத்தை நடுவண் அரசு பறித்துக்கொண்டது. இவையெல்லாம் ஒரு பாட்டினாலேயே நிகழ்ந்தன என்பது மிகை. 1988இல் இருநூறாம் ஆண்டு விழாவன்று சிட்னித் தெருக்களில் நாற்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் நடந்த பேரணி முதலாக ஆண்டுதோறும் நடந்தவர் கால்களுக்கே பெரும்பங்கு உரியது. கூட்டத்துக்கு வாராத இளைஞனின் காதுக்குள் அச்செய்தியைக் கொண்டு சேர்த்தது பாட்டு.

நாடு முழுவதையும் அது அசைத்ததா? 2023 அக்டோபர் 14இல் நடந்த பொதுவாக்கெடுப்பில், நாடாளுமன்றத்துக்கும் அரசுக்கும் அறிவுரை கூறத் தொல்குடியினருக்கு ஓர் அமைப்பை அரசியலமைப்பிலேயே ஏற்படுத்தலாமா என்று மக்களிடம் கேட்கப்பட்டது. பிரிக்ஸ் ஆதரவு வாக்குக் கேட்டு ஒரு நகைச்சுவைக் குறும்படம் எடுத்தார். பலர் கண்டு சிரித்தனர். ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் ‘வேண்டா’ என்று வாக்களித்தனர். ஆறு மாநிலங்களுள் ஒன்றேனும் ‘ஆம்’ எனவில்லை. வானொலி நேயர்களுள் நூற்றுக்கு அறுபதின்மர் ஒரு பக்கம். நாட்டு மக்களுள் நூற்றுக்கு அறுபதின்மர் மறுபக்கம். கூப்பர் 1930களில் கேட்டது நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர். 2023இல் கேட்டது அறிவுரை கூறும் உரிமை மட்டுமே. வேண்டுகோள் சிறுத்தும் விடை மாறவில்லை.

அரசு விடுமுறை ஜனவரி 26ஆம் நாளிலேயே நிற்கின்றது. அன்று காலை ஒரு தெருவில் கொடிகளும் மறு தெருவில் துக்கப் பேரணியும் செல்கின்றன. வானொலியின் நூறு பாட்டு வரிசை 2018ஆம் ஆண்டில் முதன்முறையாக ஒருநாள் தள்ளி, ஜனவரி 27ஆம் நாள் சனிக்கிழமையன்று ஒலித்தது. கூப்பரின் மனுவையும் அவருடைய பேரர் விட்டுவிடவில்லை. மன்னருக்கு அனுப்பப்படாத அம்மனுவின் படியை, 2014இல், தம் முதுமையில், ஆஸ்திரேலியத் தலைமை ஆளுநரின் கையில் கொண்டு சேர்த்தார்.